மோடம் போட்டிருக்கு, பாத்துப் போங்க!

ஜவ்வாது மலைக்கு பைக்ல கிளம்புறதுக்கு முன்னாடி போன்ல வெதர் ஆப்பைப் பார்ப்பீங்க. ஆனா ஜமுனாமரத்தூர் டீக்கடையில ஒரு பெரியவர், "மோடம் போட்டிருக்கு, பாத்துப் போங்கப்பா"ன்னு சொன்னா? அது வைஃபை மோடம் இல்லை மக்களே. நம்ம வட மாவட்டங்கள்ல மோடம்னா மேகமூட்டம்.

இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நமக்கு ஒரு பழக்கம் உண்டு. மழையா இருக்கு, வெயிலா இருக்கு, காத்தா இருக்குன்னு எல்லாத்தையும் 'இருக்கு'லயே முடிச்சிடுவோம். தப்பில்லை. ஆனா தமிழ்ல ஒவ்வொண்ணுக்கும் தனி வினைச்சொல் இருக்கு: மழை பெய்யுது, வெயில் கொளுத்துது, காத்து வீசுது, மின்னல் வெட்டுது, பனி கொட்டுது. இங்கிலீஷ்ல மழை பெய்யணும்னாகூட முன்னாடி ஒரு 'இட்' வந்து நிக்கணும். நமக்கு அது தேவையில்லை. தாய்லாந்து மொழியும் இதுல நம்ம கட்சிதான்: 'ஃபொன்'னா மழை, 'தொக்'னா விழுறது, 'ஃபொன் தொக்'னா மழை பெய்யுது.

மழைக்குள்ளேயே வகை இருக்கு. லேசா துளி போட்டா தூறல். காத்தோட சாய்ஞ்சு அடிச்சா சாரல். விடாம பெய்தா அடைமழை. இதெல்லாம் மழை எப்படிப் பெய்யுதுன்னு சொல்ற சொற்கள். செய்தியில வர்ற 'கனமழை' வேற; அது எவ்வளவு பெய்ததுன்னு சொல்லும் அளவு. இந்திய வானிலை ஆய்வு மையத்தோட கணக்குல, 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டர் தாண்டினா கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.5-லிருந்து அதி கனமழை. அதனால அடைமழை எல்லாம் கனமழை ஆகிடாது. நாள் முழுக்க மெதுவா பெய்துட்டே இருந்தாலும் அது அடைமழைதான்.

இன்னொண்ணு, யார்கிட்ட பேசுறோம்னு பார்க்கணும். இந்த மலையில மலையாளி பழங்குடி மக்கள் மழையை நம்பி மானாவாரியா சாமை போடுறாங்க. விதைச்சவருக்கு 'மோடம் போட்டிருக்கு'ங்கிறது நல்ல செய்தி. அதே மலையில இருக்கிற காவலூர்ல வைனு பாப்பு வானாய்வகம் இருக்கு. 1986-ல பேர் வெச்ச அந்த ஆய்வகத்துல 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கு. ராத்திரி நட்சத்திரம் பார்க்க உட்காந்தவருக்கு அதே வாக்கியம் வேலை கெட்டுதுன்னு அர்த்தம். அதனால வறண்டு கிடக்கிற நிலத்துக்காரர்கிட்ட போய், "செம க்ளைமேட்ல, மழையே இல்லை!"ன்னு சொல்லி வைக்காதீங்க.

கடைசியா, மலைப்பாதைக்குத் தேவையான ரெண்டு சொல். "லேசா தூறிட்டு விட்டுடும்"னு சொன்னா, ஒரு டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம். "மழை புடிச்சுக்கும்"னு சொன்னா, இப்போதைக்கு நிக்காதுன்னு அர்த்தம். இன்னொரு டீ சொல்லுங்க, வண்டியை எடுக்காதீங்க.