பழைய மோட்டார் படகு வாங்கப் போறீங்களா? விலை பேசும் முன் லாரியைப் பேசுங்க!

சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால், காரைக்குடியில் இருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகக் காரை விட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே தொண்டிக் கடல் வந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டப் பக்கம் திரும்பினால் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் இருக்கின்றன. வாரக் கடைசியில் தூண்டில் போட ஒரு சின்ன மோட்டார் படகு இருந்தால் என்ன என்ற ஆசை செட்டிநாட்டு இளைஞர் ஒருவருக்கு வந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. பழைய பொருள் விற்கும் செயலிகளைத் திறந்தால் பைக், சோபாவுக்கு நடுவே ஃபைபர் படகும் கண்ணில் படுகிறது.

விலை பேசி முடிப்பது அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகுதான் சிக்கலே. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ மணலில் கிடக்கும் படகை இங்கே எப்படிக் கொண்டுவருவது? வெளிநாட்டு வீடியோக்களில் காருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, படகை ஏற்றிக்கொண்டு ஜாலியாகப் போகிறார்கள். நம்ம ஊர்ல அது நடக்குமா?

பதினான்கு அடிக்குள் அடங்கும் சின்னப் படகு என்றால் நடக்கும், ஆனால் சிரமம். அதைவிடப் பெரிது என்றால் லாரிதான் வழி. இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே எந்தப் படகை வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்பது பாதி முடிவாகிவிடும்.

தட்டிப் பார்த்து வாங்கு

நம் கரையில் விற்பனைக்கு வரும் பழைய படகுகளில் பெரும்பாலானவை மீன்பிடித் தொழிலில் இருந்து கழித்துவிட்ட ஃபைபர் படகுகள். இருபத்தைந்து, முப்பது அடி நீளம் இருக்கும். பின்னால் நீளமான தண்டுடன் டீசல் இன்ஜின் இருக்கலாம், அல்லது கழற்றி மாட்டக்கூடிய அவுட்போர்டு மோட்டார் இருக்கலாம். "போன வருஷம்தான் மோட்டார் போட்டது தம்பி, கை வச்சா ஸ்டார்ட் ஆகும்" என்பார் விற்பவர். நம்பலாம். ஆனால், பார்த்துவிட்டு நம்பலாம்.

முதலில் உடல். சின்ன மரச்சுத்தியோ ஐந்து ரூபாய் நாணயமோ போதும். அடிப்பக்கம் முழுக்க ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும். 'தொப்' என்று செத்த ஒலி வரும் இடத்தில் ஃபைபர் அடுக்குகள் பிரிந்து உள்ளே தண்ணீர் புகுந்திருக்க வாய்ப்பு உண்டு. மேல்பூச்சில் தலைமுடி போல ஓடும் விரிசல் எல்லாப் பழைய படகிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஏரா ஓடும் அடிக்கோட்டிலும், பக்கச்சுவர் அடியோடு சேரும் மூலையிலும் விரிசல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். புதுப் பெயின்ட் பளபளத்தால் இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

அடுத்தது, அவுட்போர்டு மாட்டும் பின்பலகை. படகில் அதிகம் ஏமாற்றும் இடம் இதுதான். வெளியே பார்த்தால் ஃபைபர், உள்ளே பிளைவுட். போல்ட் துளை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கி, பலகை உள்ளுக்குள்ளேயே மக்கிப்போயிருக்கும். மோட்டாரின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். பலகை லேசாக அசைந்தாலோ போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் கசிந்தாலோ, அதை மாற்றுவதற்கு ஆகும் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

மோட்டாரைக் கரையில் வெறுமனே ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் ரப்பர் பம்ப் சில நொடிகளிலேயே வீணாகிவிடும். பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். பின்பக்கச் சின்னத் துளையில் இருந்து குளிரூட்டும் தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். பிறகு கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி வந்தால் சீல் போய்விட்டது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். விசிறிக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றிக் கிடந்தால் அந்த சீலைக் கெடுத்ததே அதுவாக இருக்கலாம்.

பேப்பர் இல்லாத படகு, விறகுக்குச் சமம்

2008-ல் மும்பைத் தாக்குதல் நடத்தியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு கடலில் மிதக்கும் எந்தப் படகும் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பாக் நீரிணையில் சர்வதேச எல்லை கூப்பிடு தூரம்தான் என்பதால் இங்கே அந்தக் கேள்வி இன்னும் அழுத்தமாக வரும்.

மீன்பிடிப் படகு என்றால் அதற்குப் பதிவு எண் இருக்கும். 'ஐ.என்.டி - டி.என்' என்று தொடங்கி, மாவட்டத்துக்கான எண், படகின் வகைக்கான எழுத்துகள், வரிசை எண் என்று படகின் பக்கவாட்டில் எழுதியிருப்பார்கள். பதிவும் உரிமமும் இப்போது 'ரியல்கிராஃப்ட்' என்ற இணையதளம் வழியாக நடக்கின்றன. தமிழ்நாட்டில் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்த 1983-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் படகில் உள்ள எண், பதிவுச் சான்றில் உள்ள எண், மோட்டாரில் பொறித்த சீரியல் எண், விற்பவரின் ஆதார் நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. படகு மீது கடன் பாக்கி இருக்கிறதா என்பதும் அங்கே தெரியவரும். அவுட்போர்டு மோட்டார் கழற்றித் தூக்கிப் போகக்கூடிய பொருள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மீனவர் அல்லாத ஒருவர் பொழுதுபோக்குக்காக வாங்கும்போது, அதே மீன்பிடி உரிமமும் மானிய எரிபொருளும் தன் பெயருக்கு மாறிவிடும் என்று எண்ணக் கூடாது. பயன்பாடு மாறினால் பதிவும் மாற வேண்டும். ஏரி, ஆறு, காயல் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் ஓட்டுவதாக இருந்தால் 2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கலன்கள் சட்டப்படி ஆய்வும் பதிவும் தேவை. 1917-ல் இருந்து இருந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது.

'நாலு பேரை ஏற்றி ரவுண்டு அடித்தால் போட்ட காசை எடுத்துடலாமே' என்று தோன்றலாம். 2023 மே 7-ம் தேதி கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்ட சுற்றுலாப் படகு, மீன்பிடிப் படகாக இருந்து மாற்றப்பட்டது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் உல்லாசப் பயணம் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் மீன்பிடிப் படகில்தான். வலையும் மீனும் படகின் அடியில் கிடக்கும் பாரம். மனிதர்கள் எழுந்து நிற்பார்கள், போட்டோ எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். அந்தப் பாரத்துக்காக இந்தப் படகுகள் கட்டப்படவில்லை.

சரி, எப்படிக் கொண்டுவருவது?

தமிழ்நாட்டில் படகு சாலையில் போவது புதிதல்ல. 2023 டிசம்பரில் தூத்துக்குடி வெள்ளத்தில் மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளை வண்டிகளில் ஏற்றித்தான் தெருக்களுக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது 600-க்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் மீட்புக்கு வந்தன. அவற்றில் பல, கடற்கரையில் இருந்து செங்கன்னூர், ஆலுவா பகுதிகளுக்கு லாரியில் பயணித்தவை. மீட்பு முடிந்து திரும்பியபோது பல படகுகளுக்கு அடி, சில மோட்டார்கள் காலி. கடலில் பல வருடம் தாங்கிய படகு சுவரில் இடித்தும் ஏற்றி இறக்கியும் சேதமாகிவிட்டது. ஃபைபர் படகுக்குத் தண்ணீர் எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்கு கொடுக்கும். லாரித் தளம் ஓரிரு புள்ளிகளில்தான் தாங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் மொத்த எடையும் அந்தப் புள்ளிகளில் இறங்கும். வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லாத நம் சாலைகளில் இது சாதாரண விஷயம் அல்ல.

அதனால் ஏற்றும் விதம்தான் எல்லாம். கிரேன் வைத்துத் தூக்கும்போது சங்கிலி கூடாது. அகலமான நைலான் பெல்ட் இரண்டு வேண்டும், ஒன்று அணியத்தின் பக்கம், ஒன்று பின்பக்கம். லாரித் தளத்தில் பழைய டயர்களை வரிசையாகப் போட்டு, ஏரா அதன்மேல் நீளவாக்கில் உட்கார வேண்டும். இரு பக்கமும் மணல் மூட்டைகளை முட்டுக் கொடுத்தால் படகு சாயாது. அணியம் டிரைவர் கேபின் பக்கம் இருக்கட்டும். கயிற்றை 'இறுக்கமா கட்டு' என்று சொல்லி நெரித்துவிடக் கூடாது, விளிம்பு வெடித்துவிடும். கயிறு உரசும் இடத்தில் சாக்கு மடித்து வைத்தால் போதும். மோட்டாரைக் கழற்றித் தனியாக, மெத்தை போட்டுக் கொண்டுவருவதே புத்திசாலித்தனம். படகின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளையின் அடைப்பைத் திறந்து விடுங்கள். வழியில் மழை பிடித்தால் படகுக்குள் தண்ணீர் தேங்கி, எடை எக்கச்சக்கமாக ஏறிவிடும்.

லாரியின் நீளத்தை முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள். முப்பதடிப் படகை இருபதடித் தளத்தில் ஏற்றினால் பத்தடி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்புத் துணி கட்டினால் சரியாகிவிடும் என்பது பழைய நினைப்பு. அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் முன்னாலோ பின்னாலோ பக்கத்திலோ நீட்டினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடவே பாரத்தை இறக்கும் செலவும் நம் தலையில். படகின் நீளத்துக்கு ஏற்ற லாரி கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு படகு விலை பேசுவதுதான் சரியான வரிசை. லாரிக்கான சாதாரண இன்சூரன்ஸ் அதன்மேல் உள்ள பொருளுக்குப் பொருந்தாது என்பதால், போக்குவரத்துக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். கிரேன் வாடகை இரண்டு முறை வரும், ஏற்றும் இடத்தில் ஒன்று, இறக்கும் இடத்தில் ஒன்று. இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிரெய்லர் ஆசை விடாதவர்களுக்கு

பன்னிரண்டு, பதினான்கு அடிப் படகு என்றால் டிரெய்லர் பற்றி யோசிக்கலாம். முதல் தடை கார். சில நிறுவனங்கள் தங்கள் கையேட்டிலேயே 'இந்த வண்டி டிரெய்லர் இழுக்க வடிவமைக்கப்படவில்லை' என்று எழுதியிருக்கின்றன. அதை மீறிக் கொக்கி மாட்டினால் வாரண்டிக்கும் இன்சூரன்ஸுக்கும் நீங்களே பொறுப்பு. இரண்டாவது தடை பதிவு. மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மற்ற வண்டிகளைப் போலவே பதிவு செய்யச் சொல்கிறது. தெரிந்த வெல்டிங் பட்டறையில் சொல்லி அடித்த டிரெய்லரை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் பதிவு வாங்குவது சுலபமல்ல.

இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் எடைக் கணக்கு ஒன்று உண்டு. படகு, மோட்டார், எரிபொருள், டிரெய்லர் எல்லாம் சேர்ந்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் இறங்க வேண்டும். மொத்தம் 500 கிலோ என்றால் கொக்கியில் 50 கிலோ. பின்பக்கம் மோட்டார் தொங்குவதால் பாரம் பின்னுக்குப் போய், கொக்கியில் எடை குறைந்தால் வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கும். அப்போது திடீரென பிரேக் அடிப்பதுதான் ஆபத்து, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து மெதுவாக வேகம் இறங்கவிட வேண்டும். கொக்கி கழன்றாலும் பிடித்துக்கொள்ள இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் இருக்க வேண்டும், அவை கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போக வேண்டும். பிரேக், இண்டிகேட்டர் விளக்குகள் டிரெய்லரின் பின்னாலும் எரிய வேண்டும்.

இவ்வளவும் செய்து தொண்டிக்குப் போனால் அங்கே காத்திருப்பது மூன்றாவது தடை. வெளிநாட்டில் டிரெய்லரோடு தண்ணீருக்குள் இறங்க சிமென்ட் சரிவுத்தளங்கள் உண்டு. இங்கே பொதுமக்கள் படகு இறக்க அப்படி ஒரு ஏற்பாட்டைப் பார்ப்பது அரிது. பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது, அடியில் சேறு. படகுகளைத் தள்ளி நிறுத்திவிட்டு ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போவதை இந்தக் கரையில் பார்க்கலாம். அதில் காரை ரிவர்ஸ் எடுத்தால் காரை இழுக்க ஒரு டிராக்டர் தேவைப்படும். தவிர, ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தை உப்புத்தண்ணீரில் இறக்கினால் பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்து, இரண்டு மாதத்தில் துரு பிடித்துவிடும்.

'கடல் வேண்டாம், நம்ம ஊர் கண்மாயிலேயே ஓட்டிக்கிறேன்' என்று சொல்பவர்களும் உண்டு. மழைக்குப் பிறகு சில மாதங்கள்தான் தண்ணீர், அதிலும் அடியில் கருவேல மரக் கட்டைகள் விசிறிக்காகக் காத்திருக்கும். பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், 40 ஹெக்டேருக்குக் குறைவான பாசனப் பரப்புள்ளவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. அனுமதி கேட்காமல் மோட்டாரை இறக்க முடியாது, மீன் குத்தகை எடுத்தவரும் சும்மா இருக்க மாட்டார். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத கிராமத்துக்காரர்களிடம் போய் மோட்டார் படகு விடப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்!

ஆகவே, நடைமுறையில் பலருக்கும் ஒத்துவரக்கூடிய வழி, படகைக் காரைக்குடிக்குக் கொண்டுவராமலே இருப்பதுதான். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் செட்டிநாட்டு வீட்டில் படகு நிறுத்த இடம் இருக்கலாம். ஆனால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிரேன் கூப்பிட முடியாது. லாரியில் ஒரே ஒரு முறை கொண்டுவந்து கடற்கரையிலேயே இறக்கி, அங்குள்ள மீனவர் ஒருவரிடம் மாத வாடகை பேசிப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மோட்டாரை மட்டும் வீட்டுக்கு எடுத்துவரலாம். சின்ன அவுட்போர்டு மோட்டாரை இரண்டு பேர் தூக்கி கார் டிக்கியில் வைத்துவிடலாம். கடலில் இருந்து எடுத்த அன்றே அதை நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவிவிட வேண்டும்.

கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554 ஆகிய எண்களைப் போனில் பதிந்துகொண்டு, லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணி எடுத்து வைத்தாயிற்று என்றால் முதல் நாளுக்குத் தயார். லாரியில் வரும்போது திறந்துவிட்ட அந்த அடைப்பை மறுபடி திருகி மூடினோமா என்று மட்டும், படகைத் தண்ணீரில் தள்ளுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள்.