சாவா மூவாப் பேராடு: பள்ளிக்கூடத்துக்கு ஒரு நந்தா விளக்கு

அவிநாசித் தலத்தின் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. திருப்புக்கொளியூர் வீதி வழியே சுந்தரமூர்த்தி நாயனார் எழுந்தருளுகிறார். எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒரு வீட்டில் உபநயனத்தின் மங்கல ஒலி. மற்றொரு வீட்டில் அழுகுரல். காரணம் கேட்கிறார். ஒத்த வயதுடைய இரண்டு பாலகர்கள் குளத்தில் நீராடச் சென்றார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பிய பிள்ளைக்குத்தான் இன்று பூணூல் கல்யாணம் என்கிறார்கள். நாயனாரால் அந்த வீதியைக் கடந்து செல்ல முடியவில்லை. குளக்கரைக்குச் சென்று பதிகம் பாடினார். இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு அந்தப் பிள்ளையை முதலை கரையிலே கொணர்ந்து சேர்த்தது.

உபநயனம் என்பது கல்விக்கு வாயில். ஒரு பிள்ளை அந்த வாயிலில் நுழைகிறான். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு அது கிட்டவில்லை. பெருமான் அருள் புரிந்த இத்தலத்தைச் சுற்றியுள்ள பனியன் நகரத்திலும் இப்படிப்பட்ட எதிரெதிர் வீடுகள் இன்று உண்டு. தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிதான் கதி. அங்கே கழிப்பறை பூட்டிக் கிடந்தால், வயது வந்த பெண்பிள்ளை மாதத்தில் சில நாள்கள் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். அந்தச் சில நாள்கள் சில வாரங்களாகின்றன. பிறகு தையல் இயந்திரத்தின் முன்போ, பிசிர் வெட்டும் மேசையின் முன்போ அமர்ந்துவிடுகிறாள். இந்தக் காலத்து முதலை ஓசையில்லாமல்தான் விழுங்குகிறது.

கட்டினோம், காத்தோமா?

திருப்பூருக்குக் கொடுக்கத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டத்தின் கீழ், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 90 கோடி ரூபாய் மதிப்பீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் அமைக்க முடிவாயிற்று. அதில் 30 கோடி ரூபாய் மக்கள் பங்களிப்பு. அதைத் திரட்டித் தரும் பொறுப்பை ரோட்டரி அன்பர்கள் முன்னின்று ஏற்றார்கள். 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் இலட்சக்கணக்கான மரக்கன்றுகளை நட்டது.

பள்ளிக்குக் கொடுப்பதும் நமக்குப் புதிதன்று. பெருந்தலைவர் காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்தபோது, ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. நிலம், கட்டடம், நாற்காலி, மணி, குடிநீர்ப் பானை என்று அவரவர் சக்திக்கேற்ப மக்கள் கொண்டுவந்து கொடுத்ததை, மூத்த வாசகர்களில் பலர் சிறுவயதில் கண்டிருப்பார்கள். இன்று அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் 2022 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. எந்தப் பள்ளிக்கு, எந்தத் தேவைக்கு என்று குறிப்பிட்டே அதன் வழியாக நன்கொடை அளிக்கலாம்.

ஆயினும் ஒரு குறை எல்லாக் காலத்திலும் தொடர்கிறது. புதிதாகக் கட்டுவதற்குப் பணம் கிடைக்கிறது. கட்டியதைக் காப்பதற்குக் கிடைப்பதில்லை. வகுப்பறை கட்டித் தந்தால் பெயர்ப் பலகை வைக்கலாம். கழிப்பறை கழுவ மாதந்தோறும் ஊதியம் தந்தால் எங்கே பெயர் எழுதுவது? கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடும் வழக்கத்தைக் கண்டு நாம் சிரித்திருக்கிறோம். அந்த விளக்கு பழுதானால் மாற்ற எவரும் முன்வருவதில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. குடிநீர் இயந்திரம் வந்த ஆண்டில் நன்றாக ஓடுகிறது. வடிகட்டி மாற்ற வேண்டிய நாள் வரும்போது அது துணி போர்த்தப்பட்டு மூலைக்குப் போகிறது.

முன்னோர் கண்ட வழி

இந்தச் சிக்கலை நம் கோயில்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவைத்துவிட்டன. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்ற தொடரைக் காணலாம். இறைவன் திருமுன் ஒரு நந்தா விளக்கு எரிய விரும்புபவர் 96 ஆடுகளைக் கோயிலுக்கு அளிப்பார். அவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு இறந்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். கிழடானால் இளையது ஈடாகும். கணக்கில் 96 எப்போதும் 96 தான். ஆகவே அந்த ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை.

கல்விக்கும் இதே முறைதான். இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் கோயிலில் 340 மாணவர்கள் உணவும் பெற்றுப் படிப்பதற்கு 45 வேலி நிலம் விடப்பட்டது. நிலத்தை விற்றுச் செலவிடவில்லை. அதன் விளைச்சலைக் கொண்டே கல்விச்சாலை நடந்தது.

வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் இச்சொற்றொடரை எண்ணி வியக்கிறேன். ‘சாவா’ என்றால் முதல் குறையாது. ‘மூவா’ என்றால் விலைவாசி ஏறினாலும் அதன் பயன் தேயாது. ஓர் அறக்கட்டளையின் நிரந்தர வைப்புக்கு இவற்றைவிடத் தெளிவான இரண்டு விதிகள் வேண்டியதில்லை.

பிடி அரிசியிலிருந்து பேராடு

பணம் எங்கிருந்து வரும்? காஞ்சி மகா சுவாமிகள் காட்டிய பிடி அரிசித் திட்டம் நினைவில் இருக்கும். உலை வைக்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் எடுத்து வைக்க வேண்டும். சேர்ந்ததை ஏழைகளுக்கு உணவாக்க வேண்டும் என்பது அவருடைய திருவுள்ளம். செல்வர் ஒருவரின் மூட்டையைவிடப் பல வீடுகளின் பிடிக்கே அதில் பெருமை.

இதையே பள்ளிக்குப் பொருத்திப் பார்ப்போம். விளக்கேற்றும் நேரத்தில் வீட்டுக்கு நாள் ஒன்றுக்கு 10 ரூபாய். ஓராண்டில் 3,650 ரூபாய். மூன்று வீடுகள் சேர்ந்தால் 10,950 ரூபாய். இதை ஓர் ‘ஆடு’ என்று வைத்துக்கொள்வோம். 288 வீடுகள் சேர்ந்தால் 96 ஆடுகள். தொகை 10,51,200 ரூபாய். ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்று கொண்டால் 73,584 ரூபாய் வருகிறது. அதில் கால் பங்கை மீண்டும் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். அதுதான் குட்டி. எஞ்சியது மாதத்துக்கு ஏறத்தாழ 4,600 ரூபாய். ஒரு பள்ளியின் தூய்மைப் பணியாளருக்கு ஊக்கத்தொகை, கழுவும் பொருள்கள், குடிநீர் வடிகட்டி ஆகியவற்றுக்கு இது பெருந்துணை. ஒரே ஆண்டு கொடுத்ததுதான். பலனோ ஆண்டாண்டு காலம் தொடரும்.

வயதில் மூத்தவர்களுக்கு வேறு வாய்ப்புகளும் உண்டு. மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் வருபவர்களிடம், “மொய்க் கவரைப் பள்ளி ஆட்டுக்குத் தந்துவிடுங்கள்” என்று அழைப்பிதழிலேயே கேட்டுக்கொள்ளலாம். பெற்றோர் திதியன்று ஓர் ஆடு விடலாம். அரசின் காலை உணவும் மதிய உணவும் பள்ளிகளில் கிடைப்பதால், அன்னதானத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை இதற்கு மாற்றினாலும் பிள்ளைகளின் வயிறு வாடாது.

நம் ஊருக்கே உரிய வழியும் இருக்கிறது. பனியன் நிறுவனங்களில் வெட்டி மிஞ்சும் துணி எடைக்கு எடை விற்கப்படுகிறது. தெரிந்த நிறுவனத்தாரிடம் கேட்டால் நல்ல துண்டுகளைத் தர மறுக்கமாட்டார்கள். மகளிர் குழுவினர் அவற்றைக் கூலிக்குப் பைகளாகத் தைத்துத் தரட்டும். அவிநாசித் தேர்த் திருவிழாவிலும், தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் பாதயாத்திரை அன்பர்களிடமும் விற்கலாம். நெகிழிப் பையும் குறையும். தைப்பவர்களுக்குக் கூலியும், பள்ளிக்கு இலாபமும் கிடைக்கும்.

பூண்டியில் ஒரு பாடம்

அவிநாசிக்கு அருகிலேயே திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் அளித்த பொருளோடு வந்த சுந்தரரை வழிமறித்துப் பறித்த தலம் அது. பறித்தவர்கள் சிவபெருமானின் பூதகணங்கள். ஆகவே பொருள் முழுவதும் திரும்பி வந்தது. ஊர்ப்பணம் வழியில் மறைந்தால் அப்படித் திரும்பும் என்று சொல்வதற்கில்லை. எனவே சில ஏற்பாடுகள் அவசியம்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் இசைவைப் பெறுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர்களே. பதிவு செய்த அறக்கட்டளையின் பெயரில் கணக்குத் தொடங்குங்கள். தனிமனிதர் பெயரில் ஒரு நாளும் வேண்டாம். காசோலையில் இருவர் கையொப்பம் இருக்கட்டும். ஒருவர் தாய்மார்களில் ஒருவராக இருப்பது நலம். பத்து ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். வங்கி ஒன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு. ஆகவே இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வையுங்கள். கூடுதல் வட்டி தருகிறோம் என்று வருபவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ஈமுக் கோழியில் கொங்கு மண்டலம் இழந்தது போதும். வருமான வரியில் நன்கொடைச் சலுகை கருதுவோர், அறக்கட்டளைக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கைச் சுவரில் எழுதுங்கள். வந்த ஆடு எத்தனை, அளந்த நெய் எவ்வளவு என்று முன்னோர் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். எவர் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். கொடுத்தவர் பெயர் எழுதுவதில் தவறில்லை. அதற்குப் பக்கத்தில் இந்த மாதம் செலவிட்ட தொகையும் இருக்கட்டும்.

நாள்தோறும் சந்நிதியில் விளக்கேற்றிக் கைகூப்புகிறோம். அடுத்த தெருவில் உள்ள பள்ளியின் தலைமையாசிரியரை இந்த வாரம் ஒருமுறை சந்தியுங்கள். “என்ன கட்டித் தர வேண்டும்?” என்று கேட்பதைவிட, “கட்டியவற்றில் எது பூட்டிக் கிடக்கிறது?” என்று கேளுங்கள். முதல் ஆட்டை எங்கே விடவேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.