பெயரை மாற்றினான்; வேலை கிடைத்தது!

இங்கிலாந்து நாட்டில் ஒரு சிற்றூர். அதன் பெயர் சோகம். தமிழில் படித்தால் பெயரே நெஞ்சைத் தொடுகிறது. அங்கே நடந்ததும் அப்படிப்பட்ட சம்பவம்தான்.

2002-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. மாலை நேரம். 10 வயதுச் சிறுமிகள் இருவர், மிட்டாய் வாங்க வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள். இருவரும் உயிர்த்தோழிகள். ஒரே மாதிரி சிவப்புப் பனியன் அணிந்திருந்தார்கள். அவர்கள் வீடு திரும்பவே இல்லை!

ஊரே திரண்டு தேடியது. 13 நாட்கள் கழித்து, வெகு தூரத்தில் இருவரின் உடல்களும் கிடைத்தன.

கொலைகாரன் யார்? அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் காவல்காரன்! பெயர் ஹன்ட்லி. "அந்தப் பெண்கள் என் வீட்டு வழியாகப் போனதைப் பார்த்தேன்" என்று பத்திரிகைக்காரர்களிடம் கூசாமல் பேசியவன் அவன். 2003-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கோர்ட்டு அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 40 ஆண்டுகளாவது சிறையில் இருக்க வேண்டும் என்று பின்னர் முடிவாயிற்று.

எப்படி வேலை கிடைத்தது?

வழக்கு முடிந்தது. ஆனால் பெற்றோர் மனதில் ஒரு கேள்வி எழுந்தது. "இப்படிப்பட்டவனுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்தது எப்படி?"

ஹன்ட்லி முன்பு வேறு மாவட்டத்தில் வசித்தான். 1995 முதல் 1999 வரை, பெண்கள் விஷயத்தில் அவன் மீது பல முறை போலீசுக்குப் புகார் போனது. ஆனால் ஒன்றில்கூட அவன் தண்டிக்கப்படவில்லை. ஒவ்வொரு புகாரையும் போலீசார் தனித்தனியாகவே பார்த்தனர். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. குறிப்புகளும் அழிக்கப்பட்டுவிட்டன.

பள்ளிக்கூட வேலைக்கு மனுப் போட்டபோது, அவன் தாய் வீட்டுப் பெயரைப் போட்டுக்கொண்டு "நிக்சன்" ஆனான். உள்ளூர்ப் போலீசார் நிக்சன் என்ற பெயரை மட்டும் தேடினார்கள். ஒன்றும் இல்லை! ஹன்ட்லி என்ற பெயரைத் தேடியிருந்தால், பழைய திருட்டு வழக்கு ஒன்றாவது கண்ணில் பட்டிருக்கும். அதைத் தேடவில்லை. அவன் கொடுத்த நற்சான்றுக் கடிதங்களையும் பள்ளிக்கூடம் சரிபார்க்கவில்லை.

இத்தனையையும் வெளிக்கொண்டு வந்தது சர் மைக்கேல் பிச்சார்டு தலைமையில் நடந்த விசாரணை. 2004-ம் ஆண்டு ஜூன் மாதம் அறிக்கை வெளியாயிற்று. அதில் 31 யோசனைகள் இருந்தன.

புதிய சட்டம்

2006-ம் ஆண்டு புதிய சட்டம் வந்தது. குழந்தைகளிடம் வேலை செய்யத் தகாதவர்களின் பட்டியல்கள் ஒரே இடத்தில் சேர்ந்தன. பட்டியலில் உள்ளவர் அந்த வேலைக்குப் போவது குற்றம். தெரிந்தே வேலை கொடுப்பதும் குற்றம். ஒரு மாவட்டப் போலீசாரின் குறிப்பை இன்னொரு மாவட்டப் போலீசார் பார்ப்பதற்கு 2011-ம் ஆண்டு வழி பிறந்தது. சான்றிதழ் கொடுப்பதற்கென்று 2012-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தனி அலுவலகமும் ஏற்பட்டது.

பள்ளிக்கூட ஊழியர்கள் மட்டும் அல்ல. சம்பளம் வாங்காமல் குழந்தைகளிடம் தொண்டு செய்கிறவர்களுக்கும் சான்றிதழ் உண்டு. அவர்களுக்கு அது இலவசம். வாடகைக் கார் ஓட்ட லைசென்சு கேட்பவர்களையும் நகர சபைகள் இப்படியே சோதிக்கின்றன. தண்டனை இல்லாவிட்டாலும், முக்கியம் என்று போலீசார் கருதும் தகவலை உயர்தரச் சான்றிதழில் சேர்க்கலாம்.

சைக்கிள் திருடிய சிறுவன்

இனி மறுபக்கத்தைப் பாருங்கள்.

அதே 2002-ம் ஆண்டு. மான்செஸ்டர் பகுதியில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டு சைக்கிள் திருட்டில் சிக்கினான். போலீசார் எச்சரித்து விட்டுவிட்டார்கள். அதன்பின் அவன் எந்த வம்புக்கும் போகவில்லை.

17 வயதில் கால்பந்துக் கழகம் ஒன்றில் பகுதிநேர வேலைக்கு மனுப் போட்டான். சான்றிதழ் வந்தது. அதில் பழைய சைக்கிள் விவகாரம்! பிறகு கல்லூரியில் விளையாட்டுப் படிப்புக்கு மனுப் போட்டபோதும் அதே கதை.

"சிறு வயதுத் தவறு வாழ்நாள் முழுவதும் துரத்த வேண்டுமா?" என்று அவன் வழக்குத் தொடர்ந்தான். 2014-ம் ஆண்டு அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு அவன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே விதிகளைத் தளர்த்தத் தொடங்கியிருந்தார்கள். 2020-ம் ஆண்டு நவம்பர் மாதம் மேலும் ஒரு மாற்றம் வந்தது. சிறுவர்களுக்குப் போலீசார் கொடுக்கும் எச்சரிக்கை இப்போது தானாகவே சான்றிதழில் ஏறுவது இல்லை.

பல புகார்களுக்கு ஆளானவன் பெயரை மாற்றித் தப்பினான். சைக்கிள் திருடிய பிள்ளை அகப்பட்டுக்கொண்டான். இரண்டுமே தவறுதான்.

சான்றிதழ் என்பது வீட்டுப் பூட்டைப் போன்றது. கதவில் தொங்கினால் மட்டும் போதாது. பூட்ட வேண்டியவர் பூட்ட வேண்டும். திருந்தி வந்த பிள்ளைக்குத் திறந்துவிடவும் தெரிய வேண்டும்.