மலை இறங்கும்போது தெரியும் மின்சாரக் காரின் தரம்

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் கட்டிய கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே வி.எஃப். 6, வி.எஃப். 7 என்ற இரண்டு மின்சாரக் கார்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. சிறியதான வி.எஃப். 6இன் அறிமுக விலை ரூ.16.49 லட்சம். வின்ஃபாஸ்ட் தொடங்கிய ஆண்டோ 2017. இவ்வளவு இளைய ஒரு கம்பெனியின் வண்டியை நம்பிக் குடும்பத்தோடு நீலகிரியின் பர்லியார் வளைவுகளில் இறங்கலாமா என்று குன்னூரிலும் ஊட்டியிலும் இருப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பதில் வேண்டுமென்றால் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கார் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சமையலறை தெரிந்தால் போதும்.

முதலில் மோட்டார். வெட் கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊறிய அரிசியும் கல்லின் கனமும் சேர்ந்து அழுத்தினாலும், சுவிட்சைப் போட்டதும் அது சுற்றத் தொடங்கிவிடுகிறது. மின்சார மோட்டாரின் குணம் அது. நின்ற நிலையிலேயே அதற்கு முழு இழுவிசை உண்டு. பெட்ரோல் எஞ்சினுக்கு அப்படி இல்லை. அது ஓரளவு வேகமாகச் சுற்றிய பிறகுதான் பலம் வரும். அதனால்தான் அதற்குக் கிளட்ச் வேண்டும், ஐந்தாறு கியர் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் பஸ் நின்றுவிட்டால், ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்துக் கருகல் வாடையோடு ஏறுகிறோமே, அந்தச் சங்கடம் மின்சாரக் காரில் கிடையாது. மிதித்தால் ஏறும்.

புதிய கம்பெனிகள் இந்தத் தொழிலுக்குள் வர முடிந்ததற்குக் காரணமும் இதுதான். நல்ல எஞ்சினும் கியர் பெட்டியும் செய்வது பழைய நிறுவனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த கைப்பக்குவம். மோட்டாரில் அசையும் பாகங்கள் மிகக் குறைவு. அதை விலைக்கும் வாங்கலாம். வின்ஃபாஸ்டின் தாய்க் குழுமத்தை உருவாக்கிய ஃபாம் நியட் வூங் முதலில் பணம் சம்பாதித்தது உக்ரைனில் நூடுல்ஸ் விற்று! அப்படிப்பட்டவரும் மின்சாரக் கார் செய்ய வரலாம் என்ற நிலையை மோட்டார் உண்டாக்கிவிட்டது. ஆகவே ஷோரூமில் யாராவது மோட்டாரின் வேகத்தையும் பாய்ச்சலையும் புகழ்ந்தால், கேட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். மோட்டார் எல்லோருடையதும் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும்.

அடுத்தது பேட்டரி. இதை இட்லிப் பானையாகப் பாருங்கள். வண்டியின் தரைக்கு அடியில் ஒரு பெரிய தட்டையான பெட்டி; அதற்குள் தட்டுத் தட்டாகச் சிறு மின்கலங்கள். இட்லி ஊற்றும்போது எல்லாக் குழியிலும் மாவு ஒரே அளவு இருக்க வேண்டும், ஆவி எல்லாத் தட்டுக்கும் சமமாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஈடு இட்லியில் பாதி வெந்தும் பாதி வேகாமலும் வரும். பேட்டரியிலும் அதே கதை. கலங்கள் சங்கிலி போலக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு கலம் மட்டும் சோர்ந்துபோனாலும் மொத்தப் பேட்டரியும் அதன் அளவுக்குள்தான் வேலை செய்யும். ஆகவே ஒரே தரமான கலங்களைத் தேர்ந்து அடுக்குவது முதல் வேலை. எல்லாக் கலங்களையும் ஒரே சூட்டில் வைக்கக் குளிர்விக்கும் திரவத்தைச் சுற்றவிடுவது இரண்டாவது. மூன்றாவது, மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் அம்மாவைப் போல ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் சூட்டையும் கவனித்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கணினி. பேட்டரி மேலாண்மை அமைப்பு என்று அதற்குப் பெயர். வேண்டியதைக் கொடுப்பதும், வேண்டாத நேரத்தில் மறுப்பதும் அதன் கையில்தான்.

பெட்டிக்குள் தண்ணீர் புகக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். வண்டியின் விவர அட்டவணையில் ஐ.பி. 67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நனையாது என்று பொருள். 2022இல் இந்தியாவில் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகு, கார் பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 038 விதிகளும் கடுமையாக்கப்பட்டன. ஆனால் எஸ்டேட் சாலையின் கல் பெட்டியின் அடியில் மோதுவதை எந்த விதியும் தடுக்காது. அதனால் வண்டியைக் குனிந்து பார்த்து, அடியில் காப்புத் தகடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இப்போது மலை ஏறுவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றம். ஆட்களையும் மூட்டைகளையும் சேர்த்து 2 டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 8 யூனிட் மின்சாரம் வேண்டும். மின்வாரியப் பில்லில் வரும் அதே யூனிட்தான். சாலை உராய்வும் மற்ற இழப்புகளும் சேர்ந்தால் சுமார் 12 யூனிட் ஆகும். வி.எஃப். 6 பேட்டரியில் பிடிப்பது ஏறக்குறைய 60 யூனிட். ஐந்தில் ஒரு பங்கு போகும், அவ்வளவுதான். ஏறுவதைப் பற்றிப் பயம் தேவையில்லை.

இறங்குவதுதான் விஷயம். மேலே தூக்கி வைத்த அந்த 8 யூனிட் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். சாலையும் காற்றும் இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். மீதி ஆறு யூனிட்டையும் பிரேக் தாங்குவதாக இருந்தால், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஆறை ஒரு மணி நேரம் நான்கு சக்கரங்களுக்குள் எரியவிட்டது போல. மலையடிவாரக் கல்லாரில் பிரேக் தீய்ந்த வாடையோடு ஓரங்கட்டி நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் காரில் கீழ்க் கியர் போட்டு எஞ்சினால் பிடிக்கிறோம். மின்சாரக் காரில் மோட்டாரே பிடிக்கிறது. மின்சாரம் கொடுத்தால் சுற்றும் மோட்டார், சக்கரம் அதைச் சுற்றினால் மின்சாரம் கொடுக்கும். அதைக் கொடுக்கும்போது சக்கரத்தை இழுத்துப் பிடிக்கவும் செய்யும். ஆகவே வண்டி தானாக மெதுவாகிறது, பிரேக் சூடாவதில்லை, கூடவே நான்கு யூனிட் வாக்கில் பேட்டரிக்குத் திரும்பியும் வருகிறது.

ஆனால் இரண்டு சமயங்களில் பேட்டரி அதை வாங்கிக்கொள்ளாது. ஒன்று, அது நிறைந்திருக்கும்போது. குன்னூரில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு கிளம்பினால், நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? மேலாண்மை அமைப்பு கதவைச் சாத்திவிடும், மோட்டாரின் பிடி தளர்ந்துவிடும். ஆகவே கீழே இறங்கப் போகிறவர்கள் குன்னூரில் தொண்ணூறு, ஊட்டியில் எண்பத்தைந்து சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, குளிரில். ஊட்டியில் மாவு புளிக்க வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமவெளியில் ஒரே இரவில் பொங்கும் மாவு இங்கே டிசம்பரில் மறுநாள் மதியம் வரை அசையாமல் கிடக்கும். கலத்துக்குள் நடப்பதும் வேதிவினைதான், குளிரில் அதுவும் மந்தமாகிவிடும். ஊட்டி அருகே தலைகுந்தாவில் புல் மேல் உறைபனி படியும் காலையில் பேட்டரிக்குள் வேகமாக மின்சாரத்தைத் திணித்தால், லித்தியம் உள்ளே போய் அமராமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும்; கலம் நிரந்தரமாகக் கெடும். ஆகவே நல்ல மேலாண்மை அமைப்பு அதை ஏற்க மறுத்துவிடும். இந்தியாவில் நெக்ஸான் மின்சாரக் கார், பி.ஒய்.டி. ஆட்டோ 3 போன்றவற்றில் இருக்கும் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைக் கலம் வெயிலையும் உழைப்பையும் நன்றாகத் தாங்கும், குளிரில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சுணங்கும்.

சரி, மோட்டார் பிடி தளர்ந்தால் என்ன ஆகும்? சாதாரண பிரேக் அந்த வேலையை ஏற்க வேண்டும். எவ்வளவு மோட்டார், எவ்வளவு பிரேக் என்று வினாடிக்கு வினாடி கலந்து கொடுப்பது மென்பொருள். பக்குவமாக எழுதியிருந்தால் உங்கள் காலுக்கு வித்தியாசமே தெரியாது. அரைகுறையாக இருந்தால், நேற்று மாலை தானே நின்ற வளைவில் இன்று காலை வண்டி முன்னால் வழுக்கிப் போவது போல இருக்கும். மின்சாரக் காரில் கட்டுமானத் தரம் என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பலரும் முதலில் பார்ப்பது கதவு இடுக்கை. அதையும் விட வேண்டாம். எவர்சில்வர் அடுக்குக் கேரியரில் ஒரு தட்டு கொஞ்சம் கோணினாலும் கொக்கி மாட்டாது, சாம்பார் கசியும். கார் உடலும் அப்படி ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருந்த வேண்டியது. டெஸ்லாவே மாடல் 3 வந்த புதிதில் இடுக்குகள் சீராக இல்லை என்று நிறையப் பேச்சு வாங்கியது. பிறகு மாடல் ஒய் காரின் பின்பகுதியில், முன்பு எழுபது துண்டுகள் போல ஒட்டிக் கோத்ததற்குப் பதிலாக ஒரே பெரிய வார்ப்பை வைத்து அந்தக் குறையைக் குறைக்கப் பார்த்தது. அதே நிறுவனம் 2025 மார்ச்சில், வெளித் தகடு பசை விட்டுக் கழன்று வரலாம் என்று 46,000க்கும் மேற்பட்ட சைபர்டிரக்குகளைத் திரும்ப அழைத்தது. ஆக, ஒரு தடவை திருத்தியது அடுத்த மாடலுக்கும் சேர்ந்ததாகிவிடாது. கூடலூர், தேவாலா மழையில் ஓடப்போகும் வண்டி என்றால், வாட்டர் சர்வீஸ் செய்த காரின் டிக்கி விரிப்பைத் தூக்கி அடியில் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் வேண்டாம்.

மென்பொருள் விஷயத்தில் வின்ஃபாஸ்டுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. அமெரிக்காவுக்கு முதலில் அனுப்பிய 999 வி.எஃப். 8 கார்களையும், திரை திடீரென இருண்டுவிடலாம் என்பதற்காக 2023இல் திரும்ப அழைத்துத் திருத்த வேண்டியிருந்தது. அந்தக் காரில் வேகத்தைக் காட்டுவதும் அதே திரைதான். இதைச் சொல்வது அந்த நிறுவனத்தைத் தள்ளிவைக்க அல்ல. புதிய கம்பெனியின் முதல் தொகுதி வண்டியை வாங்குகிறவர் அதன் சோதனையிலும் பங்கெடுக்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சந்தை. இந்தியாவில் 2024இல் விற்ற நூறு கார்களில் மின்சாரக் கார் இரண்டு மூன்றுதான். அதிலும் டாடா, எம்.ஜி., மஹிந்திரா மூன்றும் பெரும் பங்கை வைத்திருக்கின்றன. எம்.ஜி. வின்ட்சர் காரில் பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் வழியும் உண்டு. அடுப்பு நம்முடையது, சிலிண்டர் கேஸ் கம்பெனியுடையது என்பது போல. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகவே இருக்க, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் வரி 18 சதவீதமாக இறங்கிவிட்டதால் போட்டி இன்னும் இறுகியிருக்கிறது. புதியவர்கள் எல்லோரும் நிலைப்பார்கள் என்று எண்ண இடமில்லை. அமெரிக்காவின் ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவாலானது. மிக்ஸி கம்பெனி மூடிய பிறகு ஜாருக்கு வாஷர் தேடி அலைகிறோமே, அந்த அலைச்சலை ஃபிஸ்கர் வாங்கியவர்கள் முழுக் காருக்கும் பட்டார்கள்.

தூத்துக்குடித் தொழிற்சாலை அந்த வகையில் நம்பிக்கை தருவது. 400 ஏக்கர் நிலத்தில், ஆண்டுக்கு 50,000 கார் செய்யும் திறனோடு தொடங்கியிருக்கிறார்கள். இவ்வளவு முதல் போட்டவர் எளிதில் எழுந்து போக மாட்டார். ஆனால் தொடங்கியபோது அங்கே நடந்தது பெரும்பாலும் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டும் வேலை. தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதாலேயே உதிரிப் பாகமும் பக்கத்தில் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே நீலகிரியில் இருப்பவர் சோதனை ஓட்டத்துக்கு வண்டியைக் கோவை அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். குன்னூருக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் இரவில் முழுக்கச் சார்ஜ் போட்டு, விடியற்காலைக் குளிரில் கல்லார் வரை இறங்கிப் பாருங்கள். முதல் நான்கு வளைவுகளிலேயே உங்கள் கால் பதில் சொல்லிவிடும். பிறகு ஷோரூமில் ஒரே ஒரு பாகத்தைப் பற்றி எழுத்தில் கேளுங்கள்: இடது முன்விளக்கு உடைந்தால் விலை என்ன, எத்தனை நாளில் வரும், ஊட்டிக்கே வந்து மாட்டித் தருவீர்களா? அன்றைக்கே எழுதிக் கொடுத்தால் வாங்கலாம். கேட்டுச் சொல்கிறோம் என்றால் இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள்.