எண்ணம் நமது, உரிமை யாருக்கு?

"இதற்குப் பேடண்ட் வாங்கிவிட்டீர்களாம்மா?"

இவ்வாண்டு நம் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சியில், ஒரு மாணவியின் தந்தை எங்களைக் கேட்ட கேள்வி இது. மழைத்துளி பட்டவுடன் துணிக்கொடியைத் தானாகவே தாழ்வாரத்துக்குள் இழுத்துக்கொள்ளும் சிறு கருவி ஒன்றைப் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் செய்து வைத்திருந்தோம். விடை தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்தோம். மறுநாள் அறிவியல் ஆசிரியையிடம் ஓடினோம். அவர் புன்னகையோடு கூறிய பதில் எங்களுக்கு இரண்டு ஏமாற்றங்களைத் தந்தது. ஒன்று, அத்தகைய கருவியை வேறு பலர் முன்பே செய்துவிட்டனர். மற்றொன்று, ஒருவேளை அது புதியதாகவே இருந்திருந்தாலும், எல்லாரையும் அழைத்துக் காட்டிவிட்டபின் அதற்குக் காப்புரிமை கேட்க இயலாது!

அப்படியானால் எப்போது கேட்பது? எப்படிக் கேட்பது? அன்றுமுதல் நாங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

காப்புரிமை என்றால் என்ன?

பேடண்ட் என்பதைத் தமிழில் காப்புரிமை என்கிறோம். இது கண்டுபிடித்தவருக்கும் அரசுக்கும் இடையே ஏற்படும் ஓர் உடன்பாடு போன்றது. கண்டுபிடித்தவர் தம் கண்டுபிடிப்பின் நுட்பத்தை ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குக் கைம்மாறாக, குறிப்பிட்ட காலம்வரை அவருடைய இசைவின்றி வேறெவரும் அதனைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கிறது. நம் நாட்டில் இக்காலம், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அதன்பின் அது யாவருக்கும் பொதுவாகிவிடும்.

நம் நாட்டில் இதற்கான முதற்சட்டம் 1856-ல் வந்தது. அவ்வாண்டே கல்கத்தாவில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்பவர், கூரையில் தொங்கும் பங்காவை இழுப்பதற்கான இயந்திரத்துக்கு உரிமை கோரினார். இன்று நடைமுறையில் உள்ளது 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். 1972-ல் செயலுக்கு வந்த இச்சட்டம் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டுள்ளது.

எதற்குக் கிடைக்கும்? எதற்குக் கிடைக்காது?

மனத்தில் தோன்றிய வெறும் எண்ணத்துக்குக் காப்புரிமை இல்லை. அந்த எண்ணம் செய்துகாட்டத்தக்க பொருளாகவோ, செய்முறையாகவோ உருப்பெறவேண்டும். அதன்பின் மூன்று சோதனைகளில் அது தேறவேண்டும். முதலாவது, அது உலகில் எங்கும் முன்பே வெளியிடப்படாத புதுமையாக இருக்கவேண்டும். இரண்டாவது, அத்துறை அறிந்த எவரும் எளிதில் ஊகித்துவிடக்கூடியதாக இருத்தல் கூடாது. மூன்றாவது, தொழிலில் பயன்படக்கூடியதாக இருக்கவேண்டும்.

இயற்கை விதிகள், கணித முறைகள், பயிர்த்தொழில் முறைகள் ஆகியவற்றுக்கு நம் நாட்டில் காப்புரிமை கிடையாது. நம் முன்னோர் வழிவழியாக அறிந்திருந்தவற்றுக்கும் கிடையாது. இதற்கு நம் அடுக்களை மஞ்சளே சாட்சி. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1995-ல் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் அறிந்த வைத்தியம் யாரோ ஒருவருக்குச் சொந்தமா? நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம், பழைய நூல்களிலிருந்து சான்றுகளைத் திரட்டி வழக்காடியது. 1997-ல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது. எழுதி வைக்கப்பட்ட சான்றுக்கு எத்துணை வலிமை பாருங்கள்!

ஒரு பெண் தொடுத்த வழக்கு

தனி மனிதர் வாழ்விலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1838-ல் பிறந்த மார்கரெட் நைட் என்பவர் ஏழைக் குடும்பத்துப் பெண். இளமையிலேயே பஞ்சாலையில் வேலைக்குச் சென்றவர். பின்னர் ஸ்பிரிங்பீல்டு நகரில் காகிதப்பை செய்யும் தொழிற்சாலையில் பணிபுரிந்தார். அந்நாளில் இயந்திரங்கள் செய்த பைகள் கடித உறைபோல் இருந்தன. அடிப்பாகம் தட்டையாக, நிமிர்ந்து நிற்கும் பைகளைக் கையால்தான் மடித்து ஒட்டவேண்டும். அந்த வேலையை இயந்திரமே செய்தால் என்ன என்று நைட் சிந்தித்தார். இரவு பகலாக வரைபடங்கள் வரைந்தார். மரத்தால் ஒரு மாதிரி செய்தார். பின்பு அதனை இரும்பில் செய்யப் பாஸ்டன் நகரப் பட்டறைக்குச் சென்றார்.

அங்கே அதனைப் பார்த்த சார்லஸ் அன்னன் என்பவர், அது தம் கண்டுபிடிப்பே என்று கூறித் தாமே காப்புரிமை பெற முனைந்தார்! நைட் அஞ்சி ஒதுங்கவில்லை, வழக்குத் தொடுத்தார். தம் குறிப்புகளையும் வரைபடங்களையும் காட்டினார்; தம் உழைப்பைக் கண்ணால் கண்டவர்களைச் சாட்சிகளாக நிறுத்தினார். வெற்றி அவருக்கே கிடைத்தது. 1871-ல் காப்புரிமை அவர் பெயரில் வழங்கப்பட்டது. அதன்பின்னும் பல காப்புரிமைகளை அவர் பெற்றார்.

ஆனால் தோழியரே, அன்று அமெரிக்காவில் முதலில் கண்டுபிடித்தவருக்கே முதலிடம். இன்று நம் நாட்டில் பொதுவாக முதலில் விண்ணப்பித்தவருக்கே முதலிடம். அமெரிக்காவும் 2013-ல் இம்முறைக்கு மாறிவிட்டது. ஒருவர் நம் எண்ணத்தைத் திருடி விண்ணப்பித்தால் அதனை எதிர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. எனினும் அதற்குச் சான்று வேண்டுமல்லவா?

செய்யவேண்டியவை யாவை?

முதற்படி, ஒரு கட்டுக்குறிப்பேடு. எண்ணம் தோன்றிய நாள், வரைபடம், செய்த சோதனை, அடைந்த தோல்வி ஆகிய யாவற்றையும் தேதியிட்டு எழுதவேண்டும். ஆசிரியையின் கையொப்பமும் பெற்று வைத்தல் நலம்.

இரண்டாவது, தேடல். நம்முடையது புதியதுதானா என்று, முன்பே வெளியான காப்புரிமைகளில் தேடிப் பார்க்கவேண்டும். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். நாங்கள் இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு மாத உழைப்பை வேறொன்றில் செலுத்தியிருப்போம்!

மூன்றாவது, வாய்க்காவல். விண்ணப்பிக்கும்வரை கண்காட்சியில் வைப்பதோ, இதழில் எழுதுவதோ கூடாது. மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் கண்காட்சிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நான்காவது, விண்ணப்பம். கொல்கத்தா, தில்லி, மும்பை, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் காப்புரிமை அலுவலகங்கள் உள்ளன. தமிழ்நாட்டினர் சென்னை கிண்டியிலுள்ள அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். கருவி இன்னும் முழுமை பெறவில்லையெனில், தற்காலிக விவரக் குறிப்பை அளித்து நாளைப் பதிவு செய்துகொள்ளலாம். அன்றிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரக் குறிப்பைக் கொடுத்தாகவேண்டும். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதுபோல, நம் உரிமை எதுவரை என்பதை அதில் தெளிவாக வரையறுக்கவேண்டும்.

பொதுவாக 18 மாதங்களுக்குப்பின் விண்ணப்பம் வெளியிடப்படும். ஆய்வு தானாக நடவாது. அதற்குத் தனியே மனுவும் கட்டணமும் செலுத்தவேண்டும். ஆய்வாளர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறி, பிறர் எதிர்ப்பையும் வென்றால் காப்புரிமை கிட்டும். பின்னரும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி அதனை உயிரோடு வைத்திருக்கவேண்டும். இந்தியாவில் பெற்ற உரிமை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்பதையும் மறத்தல் ஆகாது.

கொடுப்பதும் பறிகொடுப்பதும்

"அறிவு அனைவருக்கும் பொதுவன்றோ? இதற்கு ஏன் வேலி?" என்று எங்களில் சிலர் கேட்டோம். நல்ல கேள்விதான். அறிஞர் ஜகதீச சந்திர போஸ் காப்புரிமையில் நாட்டம் கொள்ளாதவர். நண்பர்களின் வற்புறுத்தலாலேயே 1904-ல் அமெரிக்காவில் ஒன்றைப் பெற்றார். தம் உழைப்பை உலகுக்கு வழங்குவது உயர்ந்த பண்பு. ஆனால் கொடுப்பது வேறு, பறிகொடுப்பது வேறு. கொடுப்பதா, காப்பதா என்று முடிவு செய்யவேண்டியவர் உழைத்தவரே அன்றி, அவர் தோளுக்குப்பின் நின்று எட்டிப் பார்த்தவர் அல்லர்.

மேலும், காப்புரிமை அறிவைப் புதைத்து வைப்பதில்லை. எழுதி வெளியிடச் செய்கிறது. தாலந்து உவமையில் நம் ஆண்டவர், தாலந்தை மண்ணில் புதைத்தவனையல்லவா கடிந்துகொண்டார்? இறைவன் நமக்குத் தந்த அறிவைப் புதைக்கவும் வேண்டா, பறிகொடுக்கவும் வேண்டா. அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்காக ஒரு புதிய குறிப்பேட்டை நாங்கள் தொடங்கிவிட்டோம். முதல் பக்கத்தில் தேதியும் இட்டாயிற்று. அதில் என்ன எழுதியிருக்கிறோம் என்று மட்டும் கேட்காதீர்கள், தோழியரே!