ஜீப்பில் ஒரு வீடு; அடுப்பு மட்டும் வெளியே!



நான் புதுக்கோட்டை மாவட்டம், திருமயத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கும் 50 வயது இல்லத்தரசி. வீட்டோடு இருந்து தையல் வேலையும் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் நாலு மாதமாக நடந்த ஒரு கூத்தைச் சொன்னால், யாருக்காவது உபயோகப்படுமே என்றுதான் எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு 78 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அதை விடப் பெரிய தொல்லை, முக்கால் மணிக்கு ஒரு தரம் சிறுநீர் கழித்தாக வேண்டும். இதனாலேயே ஒன்பது வருடமாக அவர் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. "நீங்க போயிட்டு வாங்க தாயி. நான் வீட்டைப் பாத்துக்கிறேன்" என்பார். நாங்கள் கிளம்பிப் போனதும் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாராம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை, மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோவிலுக்குப் போவது. கோவில், ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு பொட்டலில் இருக்கிறது. கடைசி மூன்று கிலோமீட்டர் கண்மாய்க்கரை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் முள். மழை ஈரம் இருந்தால் களிமண்ணில் கார் சக்கரம் புதைந்துவிடும். விடிய விடியப் பூஜை. ஆண்கள் துண்டை விரித்து எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள்வார்கள். பெண்கள்? புடவை மாற்றவும் ஒதுங்கவும் இருட்டுக்குள் முள்ளுக்குப் பின்னால்தான் போக வேண்டும். சாயங்காலம் முதல் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் வித்தை நம்மில் யாருக்குத்தான் தெரியாது!

என் வீட்டுக்காரர் கல் குவாரியில் ஜீப் ஓட்டியவர். 2001-ம் வருட மாடல் மகேந்திரா கமாண்டர், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. முதலாளி அதை விற்றபோது, "இந்தப் பயலை விட மனசு வரலை" என்று இவரே வாங்கிப் போட்டுவிட்டார். கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த அந்த வண்டியைப் பார்த்துத்தான் ஒரு நாள் நான் வாயை விட்டேன். "ஏங்க, இதுக்குள்ள அத்தைக்கு ஒரு கட்டில் போட முடியாதா?"

அவ்வளவுதான், மனிதருக்கு வேகம் வந்துவிட்டது. பேரன் காட்டிய படங்களை எல்லாம் பார்த்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து, பொலிரோ வண்டியில் நாலு பேர் தூங்கும்படி, கழிப்பறை, குளியல், சமையல் எல்லாம் வைத்து வண்டி செய்யப் போவதாக மகேந்திரா 2022-ல் அறிவித்ததாம். கேரளாவில் 2021-லேயே கேரவன் சுற்றுலா என்று அரசாங்கமே ஆரம்பித்துவிட்டது. நமக்குக் கேரவன் என்றால் சினிமா நடிகை மேக்கப் போடுகிற வண்டிதானே தெரியும்! "நாமும் அடுப்பு வைப்போம், ஃபிரிட்ஜ் வைப்போம், சூடா தோசை சுட்டுச் சாப்பிடுவோம்" என்றார். தோசையை யார் சுடுவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவானது. பின் சீட்டுகளை அறுத்து எறிந்துவிட்டு, கூரையை உயர்த்தி நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பழைய வண்டி வேறு. ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் காட்டிப் புதுப்பித்தாக வேண்டும். எனவே வெல்டிங்கே வேண்டாம், எதைச் செய்தாலும் பத்து நிமிடத்தில் கழற்றி வெளியே வைக்கிற மாதிரி செய்வோம் என்று முடிவு செய்தோம். இதைச் சொன்னது ஊர் ஆசாரி அண்ணன்தான். படித்தவர்களை விட அவருக்குத்தான் விவரம்.

கமாண்டரின் பின்பக்கம் எதிரும் புதிருமாக இரண்டு நீளப் பெஞ்சு உண்டு. நடுவில் கால் வைக்கிற சந்து. அந்தச் சந்தை அடைக்க மூன்று வேப்பம்பலகை. பகலில் அவை பெஞ்சுக்கு அடியில் கிடக்கும். ராத்திரி பெஞ்சுகளுக்கு நடுவே பொருத்தி, மேலே இலவம்பஞ்சு மெத்தையை விரித்தால் அகலமான கட்டில். அத்தை குள்ளம், கால் நீட்டிப் படுக்க இடம் போதும். நான் கொஞ்சம் முடங்கித்தான் படுக்க வேண்டும்.

ஜன்னல்களுக்குக் கொசுவலை நான் தைத்தேன். ஓரத்தில் ஒட்டி உரிக்கிற வெல்குரோ பட்டை. பழைய சுங்குடிப் புடவை இரண்டு திரைச்சீலை ஆயின. கடையில் விற்கும் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி ஒன்று, அடியில் மூடியோடு வாளி, பக்கத்தில் ஒரு டப்பா தேங்காய் நார்த்தூள். ஒவ்வொரு தரமும் ஒரு கை தூள் போட்டு மூடிவிட்டால் வாடையே இல்லை. காலையில் தள்ளிப்போய்க் குழி தோண்டிக் கொட்டி மூட வேண்டும். குழாய் வைத்த 20 லிட்டர் தண்ணீர் கேன், கையில் தூக்கும் பேட்டரி விளக்கு, சின்ன ஃபேன். ஃபேனை வண்டி பேட்டரியிலேயே ஓட்டி, காலையில் நான்கு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்த பிறகு, அதற்கென்று தனி பேட்டரி வாங்கினார். மொத்தச் செலவு 14 ஆயிரத்துச் சொச்சம். அதில் பேட்டரிதான் பாதி.

சண்டை வந்தது அடுப்பில்.

பெஞ்சுக்கு அடியில் ஐந்து கிலோ சிலிண்டர், பின்கதவு ஓரம் ஒற்றை அடுப்பு என்று அவர் பலகை அடித்துவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ஸ்டேஷன் பக்கம் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். லக்னோவிலிருந்து கோவில் பார்க்க வந்தவர்கள். விதியை மீறி உள்ளே சிலிண்டர் வைத்திருந்தார்கள். ஒன்பது பேர் போய்விட்டார்கள். அதைச் சொன்னேன். "அது ரயிலு, இது ஜீப்பு. கதவைத் திறந்தா வெளியதானே நிக்கிறோம்" என்றார். மேற்கொண்டு பேசினால், "உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று முடித்துவிடுவார். 1992-ல், அறிவொளி இயக்கத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் லட்சம் பேர் சைக்கிள் கற்றார்களே, அதில் நானும் ஒருத்தி. அதுவும் ஆண்கள் சைக்கிளில், பார் கம்பி மேல் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு. நானா பயந்தவள்?

கார்த்திகை மாதம் கண்மாய்க்கரையில் வெள்ளோட்டம் விட்டோம். தூக்கித் தூக்கிப் போட்டது. வீட்டுக்கு வந்து பின்கதவைத் திறந்தவர், பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் தீப்பெட்டியைத் தேடினார். பீடி பிடிப்பார். உள்ளே உட்கார்ந்திருந்த அத்தை, "ஏப்பா, கால்கிட்ட அழுகுன முட்டை வாடை அடிக்குதே" என்றார்கள். நான் பாய்ந்து தீப்பெட்டியைத் தட்டிவிட்டேன். அத்தையை இரண்டு பேருமாகத் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். ரெகுலேட்டரை மூடிப் பார்த்தால், குலுங்கின குலுக்கலில் ரப்பர் டியூப் நழுவிப் பாதி வெளியே வந்திருந்தது.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும். வீட்டில் என்றால் வாசல் வழியாக வெளியேறும். ஜீப்பின் தரை நாலு பக்கமும் விளிம்பு எடுத்த தட்டு மாதிரி. அப்படியே நின்றிருக்கிறது. ஜன்னல் திறந்திருந்தும் பிரயோஜனம் இல்லை.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. நானும் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை.

அடுத்த மாதமே, 2024 டிசம்பரில், கேரளாவில் வடகரையில் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்த செய்தி வந்தது. ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டர் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்துவிட்டது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவது கூடத் தெரியாதாம். எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை என்னிடம் நீட்டிவிட்டு, அடுப்புப் பலகையை அவரே ஆணி பிடுங்கினார். அந்தப் பலகை இப்போது கோழிக்கூண்டுக்குக் கதவு.

எங்கள் ஜீப்பில் இப்போது சிலிண்டர் இல்லை. தூங்கும்போது எஞ்சின் ஓடாது. கொசுவத்திச் சுருள் கூட உள்ளே கொளுத்துவதில்லை, வலை இருக்கிறதே. எவ்வளவு பனி பெய்தாலும் எதிரெதிர் ஜன்னல் இரண்டும் நாலு விரல் திறந்திருக்கும். அத்தைக்கு வெந்நீர் இரண்டு பிளாஸ்க்கில். சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு: புளியோதரை, எலுமிச்சை சாதம், வறுத்த மோர்மிளகாய். காபி வேண்டுமென்றால் வண்டியை விட்டு இருபது அடி தள்ளி மூன்று கல், கருவேலஞ்சுள்ளி. மூட்டுவது அவர் வேலை. வீட்டை விட்டுக் கிளம்புவதே அடுப்பை விட்டுக் கிளம்பத்தானே, தோழிகளே! அடுப்பையும் கூடவே கட்டி இழுத்துக்கொண்டு போனால் எனக்கு என்ன லீவு?

2025 மாசி சிவராத்திரிக்கு அத்தை வந்தார்கள். வழியில் நாலு இடத்தில் ஓரமாக நிறுத்தித் திரையை இழுத்துவிட்டோம். கண்மாய்க்கரையில் சக்கரம் ஒரு தரம் வழுக்கியது. முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து, முதல் கியரில் ஏற்றிவிட்டார். பங்காளி வீட்டு கார்கள் மூன்று, கரைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன.

முதல் பூஜை பார்த்துவிட்டு அத்தை படுத்தார்கள். மூன்றாம் ஜாமத்துக்கு நான் எழுப்பினேன். ஒன்பது வருடம் கழித்துச் சாமி முன்னால் நிற்கிறார்கள். அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. பூசாரியைப் பார்த்து, "போன தடவை மணி இங்கயா தொங்குச்சு?" என்று கேட்டார்கள்.

நான் எதிர்பார்க்காதது வேறொன்று. ராத்திரி பதினொரு மணி இருக்கும். ஓரகத்தி மகள் வந்து காதோடு, "சித்தி, வயித்த வலிக்குது, துணி மாத்தணும், ஜீப்புக்குள்ள போயிக்கவா?" என்றாள். பின்னாலேயே கைக்குழந்தைக்காரி ஒருத்தி பால் கொடுக்க வந்தாள். அப்புறம் இரண்டு கிழவிகள். விடிவதற்குள் பதினேழு பேர் ஏறி இறங்கிவிட்டார்கள். நார்த்தூள் டப்பா ஒரு மணிக்கே காலி. என் வீட்டுக்காரர் தன் ஜீப்பில் காலை வைக்க முடியாமல், ஆலமரத்தடியில் பீடியோடு உட்கார்ந்திருந்தார்.

வருகிற சிவராத்திரிக்கு இன்னொரு நாற்காலி, இன்னொரு வாளி, இரண்டு மூட்டை நார்த்தூள் என்று அத்தை இப்போதே கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

— ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.