புதிய காமிராவும் திறக்காத கோப்பும்

கடலிலிருந்து மீன் கரை சேர்ந்த சில மணி நேரத்திற்குள் அதன் நிறம் மாறத் தொடங்கிவிடுகின்றது. புது மீனின் செவுள் செக்கச்செவேலென்றிருக்கும். நேரம் செல்லச் செல்ல அது மங்கிப் பழுப்பு நிறம் அடையும். தெளிந்து புடைத்திருந்த கண் கலங்கி உட்குழியும். பனிக்கட்டியில் முறையாக வைக்கப்படாத இறாலின் ஓட்டில் கரும்புள்ளிகள் தோன்றும். ஃபார்மலினிலோ சாராயத்திலோ இட்டுக் காக்கப்படும் மாதிரிகளும் தம் இயல்பான நிறத்தை இழந்துவிடுகின்றன. ஆகையால், கரை சேர்ந்த வேளையில் மீன் எந்நிறத்தில் இருந்தது என்பதற்குப் பிற்காலத்தில் எஞ்சும் சான்று பெரும்பாலும் அப்போது எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்றேயாகும்.

கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது வாரி எடுக்கப்பட்ட மண்ணைக் கொண்டு, பொறியியலாளர் சர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில், வேம்பநாட்டுக் காயலில் உருவாக்கப்பட்டது வெலிங்டன் தீவு. மீன்பிடி வலை, படகு, பிடித்த மீனைப் பதப்படுத்தல், அதன் தரத்தைக் காத்தல் ஆகியவற்றை ஆராய்வதற்காக 1957-இல் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இத்தீவில் அமைந்துள்ளது. தீவின் மேற்கே, காயலின் மறுகரையில், தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் இருக்கின்றது. இத்தகைய ஓரிடத்தில் பணியாற்றும் கள ஊழியர் ஒருவருக்கு நேரக்கூடிய சிக்கல் ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம்.

அலுவலகத்திற்குப் புதிய காமிரா ஒன்று வந்துள்ளது. ஊழியர் விடியற்காலையில் இறங்குதுறைக்குச் சென்று, நிறம் துல்லியமாகப் பதிய வேண்டும் என்ற நோக்கத்துடன், 'ரா' எனப்படும் கச்சாக் கோப்பு முறையில் மீன்களைப் படம் எடுக்கின்றார். அலுவலகம் திரும்பிக் கணினியில் கோப்பைத் திறக்க முயன்றால், 'இக்கோப்பு வகை அறியப்படாதது' என்ற செய்தி மட்டுமே தோன்றுகின்றது. படம் எடுக்கப்பட்ட மீன்களோ அதற்குள் ஏலம் போய்விட்டன. மீண்டும் எடுப்பதற்கு வழியில்லை.

கோப்பு பழுதுபட்டுவிட்டது என்று கருதி அதனை அழித்துவிடுவதே இத்தருணத்தில் நேரக்கூடிய பெருந்தவறாகும். பெரும்பாலான சமயங்களில் கோப்பு செம்மையாகவே இருக்கும். அதனைப் படிக்கும் முறையே மென்பொருளுக்குத் தெரிந்திராது. இவ்வேறுபாட்டை உணர்வதற்குக் கச்சாக் கோப்பின் அமைப்பை அறிதல் வேண்டும்.

கச்சாக் கோப்பு என்பது யாது?

காமிராவின் உள்ளே, முன்னாளில் பிலிம் இருந்த இடத்தில், ஒளியை உணரும் சில்லு ஒன்று உள்ளது. அதில் கோடிக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு கட்டமும் தன்மீது விழுந்த ஒளியின் அளவை மட்டும் உணரும், நிறத்தை அறியாது. எனவே, ஒவ்வொரு கட்டத்தின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிற வடிகட்டி பொருத்தப்படுகின்றது. பெரும்பாலான காமிராக்களில், நான்கு கட்டங்கள் கொண்ட ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்ற வரிசை கையாளப்படுகின்றது. ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவர் இதனை வகுத்து 1976-இல் காப்புரிமை பெற்றார். அதனால் இது பேயர் அமைப்பு எனப்படுகின்றது.

இரண்டு கோடியே நாற்பது லட்சம் கட்டங்கள் கொண்ட ஒரு காமிராவில், ஒரு கோடியே இருபது லட்சம் கட்டங்கள் பச்சையையும், அறுபது லட்சம் சிவப்பையும், அறுபது லட்சம் நீலத்தையும் அளக்கின்றன. இவ்வளவுகள் வரிசையாக எழுதப்பட்ட ஏடே கச்சாக் கோப்பு. எனவே, அது படம் அன்று. படம் ஆக்கப்படாத அளவீட்டுப் பட்டியல் ஆகும். வானிலை நிலையத்தில் மணிதோறும் குறிக்கப்படும் வெப்ப அளவுகளுக்கும், அவற்றைக்கொண்டு பின்னர் வரையப்படும் வரைபடத்திற்கும் உள்ள உறவே, கச்சாக் கோப்பிற்கும் கண்ணுக்குத் தெரியும் படத்திற்கும் உள்ளது.

சாதாரணமாக வழங்கும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறமும் 256 படிநிலைகளில் குறிக்கப்படும். 14 இரும எண் கொண்ட கச்சாக் கோப்பிலோ 16,384 படிநிலைகள் உண்டு. மேலும், ஜேபெக் படத்தில் நிறத்தின் சமநிலையும் செறிவும் காமிராவினாலேயே முடிவு செய்யப்பட்டுவிடுகின்றன. கச்சாக் கோப்பில் அம்முடிவு பின்னர் செய்யப்படுகின்றது. மீனின் செவுள் நிறத்தை ஒப்பிட்டுத் தரம் காண முற்படுவோர் கச்சாக் கோப்பை விரும்புவதற்கு இதுவே காரணம்.

மென்பொருள் மறுப்பது ஏன்?

அளவீட்டுப் பட்டியலைப் படமாக மாற்ற, மென்பொருளுக்கு நான்கு செய்திகள் தேவை.

முதலாவது, கோப்பின் கட்டமைப்பு. கேனன் காமிராக்கள் சி.ஆர்.2, சி.ஆர்.3 என்றும், நிக்கான் என்.இ.எஃப். என்றும், சோனி ஏ.ஆர்.டபிள்யூ. என்றும் தத்தம் வடிவங்களைக் கையாளுகின்றன. எண்களைச் சுருக்கி எழுதும் முறையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். கேனன் 2018-இல் சி.ஆர்.2 வடிவத்திலிருந்து சி.ஆர்.3 வடிவத்திற்கு மாறத் தொடங்கியபோது, பழைய வடிவத்தைப் படித்துவந்த மென்பொருள்கள் புதியதைப் படிக்க இயலாது நின்றன.

இரண்டாவது, சில்லின் அமைப்பு. வரிசையின் முதற் கட்டம் எந்நிறம், விளிம்பில் எத்தனை கட்டங்கள் படத்தில் சேராதவை, ஒளியே இல்லாதபோது கட்டம் காட்டும் எண் யாது, நிரம்பியபோது காட்டும் எண் யாது என்பன தெரிதல் வேண்டும்.

மூன்றாவது, நிற மாற்று அட்டவணை. ஒரு காமிராவின் சிவப்பு வடிகட்டியும் மற்றொன்றின் சிவப்பு வடிகட்டியும் ஒரே தன்மையன அல்ல. ஆகையால், அக்காமிரா காணும் நிறத்தை மனிதக் கண் காணும் நிறத்திற்கு இணைத்துக் காட்டும் எண் அட்டவணை ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே தேவை. நிறம் திட்டமாக அளக்கப்பட்ட 24 கட்டங்கள் கொண்ட அட்டையைப் பகலொளியிலும் மின்விளக்கொளியிலும் படம் எடுத்து இவ்வட்டவணையைக் கணிப்பது வழக்கம்.

நான்காவது, படம் எடுத்த வேளையின் வெண்சமநிலைக் குறிப்பு. அதாவது, வெள்ளைப் பொருள் அவ்வொளியில் எவ்வாறு தோன்றியது என்ற குறிப்பு.

மென்பொருள் கோப்பைத் திறக்கும்போது, அதனுள் எழுதப்பட்டுள்ள காமிரா மாதிரியின் பெயரை முதலில் படிக்கின்றது. அப்பெயர் தன் பட்டியலில் இல்லையெனில், மேற்கூறிய எண்கள் அதனிடம் இல்லை என்பது பொருள். பட்டியல் இன்றி ஊகத்தால் படத்தைத் திறந்தால், நீலமும் சிவப்பும் இடம் மாறவோ, செவுள் நிறம் பொய்யாகத் தோன்றவோ கூடும். எனவே, மறுப்பது ஒருவகையில் நேர்மையான செயலே.

கணினித் திரையில் கோப்பின் சிறு உருவம் தெரிவதைக் கண்டு சிலர் குழப்பம் அடைவதுண்டு. காமிரா ஒவ்வொரு கச்சாக் கோப்பினுள்ளும் ஒரு ஜேபெக் படத்தையும் சேர்த்து வைக்கின்றது. திரையில் தெரிவது அதுவே. அளவீட்டுப் பட்டியல் அன்று.

பூட்டும் திறவுகோலும்

காமிராக் கம்பெனிகள் தம் கோப்பு வடிவத்தின் முழு விவரங்களைப் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. 1997-இல் டேவ் காஃபின் என்னும் அமெரிக்கர், வெவ்வேறு காமிராக்களின் கோப்புகளை ஆராய்ந்து அவற்றைப் படிக்கும் 'டி.சி.ரா' என்ற நிரலை எழுதத் தொடங்கி, அதனை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். அதன் வழிவந்த 'லிப்ரா' என்னும் நிரல்தொகுதி இன்றும் பல மென்பொருள்களில் இடம்பெற்றுள்ளது. 2005-இல் நிக்கான் டி2எக்ஸ் காமிராவின் கோப்புகளில் வெண்சமநிலைக் குறிப்பு மறைமொழியில் எழுதப்பட்டிருந்ததை, ஃபோட்டோஷாப்பை ஆக்கியோருள் ஒருவரான தாமஸ் நோல் பகிரங்கமாகக் கண்டித்தார். தாம் எடுத்த படத்தின் குறிப்பைத் தாமே படிக்க இயலாத நிலை முறையாகுமா என்ற வினா அப்போது உலகெங்கும் எழுந்தது.

இதற்கு முன்பே, 2004-இல், அடோபி நிறுவனம் 'டி.என்.ஜி.' என்ற பொது வடிவத்தை வகுத்து அதன் விவரங்களை வெளியிட்டிருந்தது. இவ்வடிவத்தின் சிறப்பு யாதெனில், சில்லின் அமைப்பும் நிற மாற்று அட்டவணையும் கோப்பினுள்ளேயே எழுதப்பட்டிருப்பதாகும். பூட்டுடன் திறவுகோலும் கட்டி அனுப்பப்படுவது போன்றது இது. அதனால், காமிராவின் பெயரையே அறியாத பழைய மென்பொருளும் அக்கோப்பைப் படிக்க இயலும். லைகா, பென்டாக்ஸ் போன்ற சில காமிராக்கள் இவ்வடிவத்தில் நேராகவே படம் பதிகின்றன.

செய்யத்தக்கவை

1. நினைவு அட்டையிலுள்ள கோப்புகளை உடனே இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்தல் வேண்டும். அதற்கு முன் அட்டையை அழித்தல் கூடாது.

2. மென்பொருளின் புதிய பதிப்பு உள்ளதா என்று பார்த்துப் புதுப்பித்தல் வேண்டும். புதிய காமிரா சந்தைக்கு வந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ அதற்கான எண்கள் புதிய பதிப்பில் சேர்க்கப்படுவது வழக்கம்.

3. ஒருமுறை விலைகொடுத்து வாங்கிய பழைய மென்பொருள்கள் சிலவற்றிற்கு இனிப் புதுப்பித்தல் இல்லை. ஃபோட்டோஷாப் சி.எஸ்.6-க்குரிய கச்சாக் கோப்புப் பகுதி 2015-இலும், லைட்ரூம் 6 என்பது 2017-இலும் தம் இறுதிப் பதிப்பை அடைந்தன. இவற்றைக் கொண்ட அலுவலகங்கள், அடோபி இலவசமாக வழங்கும் டி.என்.ஜி. மாற்றியைப் பயன்படுத்தலாம். அதன் அமைப்பில் பழைய பதிப்பிற்கு இணக்கமான வடிவத்தைத் தேர்ந்தெடுத்து மாற்றினால், புதிய காமிராவின் கோப்பு பழைய மென்பொருளில் திறக்கும். மாற்றியின் புதிய பதிப்பு மிகப் பழைய கணினியில் இயங்காது. அந்நிலையில் வேறொரு கணினியில் மாற்றிக் கொணரலாம்.

4. காமிராக் கம்பெனியே வழங்கும் மென்பொருள் தன் காமிராவின் கோப்பை எப்போதும் படிக்கும். அதில் திறந்து, 16 இரும எண் கொண்ட 'டிஃப்' படமாகச் சேமித்து, பின்னர் வேண்டிய மென்பொருளில் திருத்தலாம்.

5. டார்க்டேபிள், ராதெரபி ஆகிய கட்டற்ற மென்பொருள்களையும் பரிசோதித்துப் பார்க்கலாம். இவை விலையின்றிக் கிடைப்பவை.

6. ஒரே காமிராவில் கச்சாக் கோப்பைச் சுருக்கும் முறைகள் பல இருக்கலாம். ஒரு முறையில் எழுதிய கோப்பு திறக்காவிடினும், மற்றொரு முறையில் எழுதியது திறக்கக்கூடும். காமிராவின் அமைப்பை மாற்றி ஒரு படம் எடுத்துச் சோதித்தல் நன்று.

செய்யத்தகாதவை

கோப்புப் பெயரின் ஈற்றிலுள்ள எழுத்துகளை மாற்றினால் வடிவம் மாறிவிடும் என்று கருதுவது பிழை. புட்டியின் மேலுள்ள சீட்டை மாற்றுவதால் உள்ளிருக்கும் மருந்து மாறுவதில்லை.

கோப்பினுள் எழுதப்பட்டுள்ள காமிராவின் பெயரைத் திருத்தி, பழைய மாதிரியின் பெயரை இட்டு மென்பொருளை ஏமாற்றும் வழியும் உண்டு. இரண்டு மாதிரிகளும் ஒரே சில்லைக் கொண்டிருப்பின் படம் தோன்றக்கூடும். ஆயினும், வேறொரு காமிராவின் நிற அட்டவணையைக் கொண்டு கணித்த நிறம் ஆராய்ச்சிக்குச் சான்றாகாது. அன்றியும், மூலச்சான்றில் பொய்க்குறிப்பு ஒன்று நுழைந்துவிடுகின்றது.

டி.என்.ஜி. வடிவத்திற்கு மாற்றிய பின்னரும் மூலக் கோப்பை அழித்தல் கூடாது. கம்பெனிக்கே உரிய சில உட்குறிப்புகள் மூலக் கோப்பில் மட்டுமே முழுமையாக இருக்கக்கூடும்.

வகுப்பறையில் ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் இதனைக் கட்டமிட்ட தாளில் எளிதாக விளக்கலாம். பேயர் அமைப்பின்படி கட்டங்களில் சி, ப, நீ என்று எழுதி, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைக் குறிக்கச் செய்க. ஒரு சிவப்புக் கட்டத்தின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கும் பச்சைக் கட்டங்களாக இருக்கக் காணலாம். அவற்றின் எண்கள் 80, 84, 90, 86 எனின், அவற்றின் சராசரி 85. இதுவே அச்சிவப்புக் கட்டத்தின் பச்சை அளவு என்று கொள்ளப்படும். மூலைகளிலுள்ள நான்கு நீலக் கட்டங்களின் சராசரி அதன் நீல அளவாகும். இவ்வாறு விடுபட்ட நிறங்களை நிரப்புவதே மென்பொருள் செய்யும் முதல் வேலை. பின்னர், வரிசை ஒரு கட்டம் நகர்ந்துள்ளது என்று தவறாகக் கொண்டு அதே கணக்கைச் செய்யுமாறு கூறினால், நிறங்கள் முற்றிலும் பிறழ்வதை மாணவர் கண்டுகொள்வர். காமிராவின் அமைப்பை அறியாத மென்பொருள் கோப்பைத் திறக்க மறுப்பதன் காரணம் அப்போது நன்கு விளங்கும்.

முன்னெச்சரிக்கை

காமிரா வாங்கும் முன்னரே, அலுவலகத்திலுள்ள மென்பொருளின் காமிராப் பட்டியலில் அம்மாதிரி உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பட்டியலில் இருப்பினும், களத்திற்குச் செல்லுமுன் ஒரு படம் எடுத்து, அலுவலகக் கணினியில் திறந்து பார்த்தல் அவசியம். அச்சோதனை வெற்றியடையும் வரை கச்சாக் கோப்பும் ஜேபெக்கும் சேர்ந்து பதியுமாறு காமிராவை அமைத்தால், அன்றைய பணி தடைப்படாது. ஒவ்வொரு நாளும் முதற் படத்தில் நிற அட்டையையும் சேர்த்து எடுப்பது, பின்னாளில் நிறத்தைச் சரிபார்க்க உதவும்.

2010-இல் வெளியிடப்பட்ட மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையும், 2015-இல் ஏற்கப்பட்ட திறந்த மூல மென்பொருள் கொள்கையும், பொது ஆவணங்கள் எந்தவொரு தனிக் கம்பெனியின் பொருளையும் சார்ந்து நிற்கலாகாது என்ற நோக்கம் உடையவை. இறங்குதுறையில் எடுக்கப்படும் ஒரு மீனின் படமும் பொது ஆவணமே. இன்று அது திறக்காதது ஓரிரு நாள் தொல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின், கம்பெனியும் மென்பொருளும் மறைந்த காலத்தில் அது திறக்காமற்போனால், அந்நிறத்தை அறிய வேறு வழியே இராது. எனவே, மூலக் கோப்புடன் திறந்த வடிவிலான ஒரு படியையும், எந்தக் காமிராவில், எந்நாளில், எவ்விடத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பையும் சேர்த்துக் காப்பது ஒவ்வொரு கள ஊழியரின் கடமையாகும்.